முசுறு முதல் நடவு வரை

மாமரத்தில் ஏறி, முசுறு என்ற செவ்வெறும்பிடம் கடிபடாதவர்கள் இந்த அவையில் இருக்க மாட்டீர்கள். அது கூடு கட்டுவதை நின்று பார்த்தவர்கள் எத்தனை பேர்? ஒரு வரிசை எறும்புகள் இரண்டு இலைகளின் ஓரத்தைக் கவ்வி இழுத்துப் பிடிக்கும். எட்டாவிட்டால் ஒன்றின் இடுப்பை இன்னொன்று கவ்விச் சங்கிலி போடும். வளர்ந்த எறும்புக்கு நூல் சுரக்காது, அதன் புழுவுக்குத்தான் சுரக்கும். ஆகவே சில எறும்புகள் புழுவை வாயில் தூக்கி வந்து, தறியில் நாடா ஓடுவதுபோல இந்த இலைக்கும் அந்த இலைக்குமாக ஓட்டி ஒட்டிவிடும். தன் கூட்டின் பிள்ளையையே கருவியாக்கும் வேலை இது!

1960-இல் ஆப்பிரிக்காவின் கோம்பே காட்டில், சிம்பன்சி ஒன்று குச்சியின் இலைகளை உருவிவிட்டுப் புற்றுக்குள் நுழைத்துக் கறையான் பிடிப்பதை விலங்காய்வாளர் ஜேன் குடால் கண்டார். நியூ கலிடோனியக் காகம் கொக்கியே செய்கிறது. கருவி நமக்கு மட்டும் பட்டா போட்டுக் கொடுத்த சொத்தல்ல. வித்தியாசம் விரலில் இருக்கிறது.

சிம்பன்சிக்குப் பெருவிரல் குட்டை, மற்ற விரல்கள் நீளம். சின்னப் பொருளைப் பெரும்பாலும் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் அழுத்தித்தான் பிடிக்கும். நம் பெருவிரலின் நுனிச்சதை மற்ற விரல்நுனிகளோடு நேருக்கு நேர் பொருந்தும். அந்த நுனியை மடக்கவே முன்கையில் தனித் தசை உண்டு. 1956-இல் ஜான் நேப்பியர் என்ற ஆய்வாளர் மனிதப் பிடியை வலுப்பிடி, நுட்பப்பிடி என்று இரண்டாகப் பிரித்தார். மண்வெட்டி பிடிப்பது முதல் வகை.

நெல் நடவில் இந்த இரண்டு பிடியும் சேர்ந்து வருகின்றன. இடது கை நாற்று முடியை இறுக்கிப் பிடித்திருக்கும். அதே கையின் பெருவிரல் மட்டும் தனியே நகர்ந்து இரண்டு மூன்று நாற்றைப் பிரித்துத் தள்ளும். வலது கை அதை மூன்று விரலால் வேரருகே வாங்கி, 2 முதல் 3 சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றும். மேலாக வைத்தால் தண்ணீர் கட்டியதும் மிதக்கும். 5 சென்டிமீட்டரைத் தாண்டினால் தூர் கட்டுவது, அதாவது பக்கக் கிளை வெடிப்பது, தாமதப்படும். தண்டைப் பிடித்துக் குத்தினால் வேர்நுனி மேல்நோக்கி மடங்கி, பச்சை பிடிக்க நாளாகும்.

கலங்கிய சேற்றில் கண்ணுக்கு வேலையில்லை. கையின் உட்புறத் தோலில் சுமார் 17,000 தொடுவுணர் நரம்பிழைகள் முடிகின்றன. விரல்நுனியில்தான் நெருக்கம் அதிகம். பிடித்த பொருள் நழுவத் தொடங்கினால், நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் பிடி தானாக இறுகும். ஐப்பசி மழையில் தாளடிப் பருவ நெல்லை நடும்போது விரல் மரத்துப்போனால் இந்தக் கணக்கு தப்பும்: தேவைக்கு மேல் அழுத்துவோம், இளந்தண்டு நசுங்கும். நடுவில் கையைத் துடைத்துச் சூடேற்றிக்கொள்வதைச் சோம்பல் என்று யாரும் ஏசக் கூடாது.

நடவு இயந்திரத்துக்கு இந்தத் தொடுவுணர்வு கிடையாது. அதனால்தான் பாய்போல எடுக்கும்படி வளர்த்த பாய் நாற்றங்காலும் மட்டமான வயலும் கேட்கிறது. உழுத சேறு படிய ஒரு நாளாவது விட வேண்டியிருக்கிறது. சேறு இளகலாக இருந்தால் நாற்று சாயும். பாயில் விதை சீராக விழாவிட்டால் அங்கங்கே நாற்றுக் குத்து விழாமல் இடம் விட்டுப்போகும்; அதை நிரப்ப மறுபடி ஆள்தான் இறங்க வேண்டும். அந்தக் கூலியையும் சேர்த்துக்கொண்டு இயந்திர வாடகையைக் கணக்குப் பாருங்கள்.