அம்மா அரித்த அரிசி

வணக்கம் நேயர்களே. உயர்நிலைப் பள்ளியில் நெடுங்காலம் வேதியியல் சொல்லிக்கொடுத்தவன் நான். தனிமம், சேர்மம், கலவை என்று பலகையில் எழுதியதும் பிள்ளைகளுக்குக் கொட்டாவி வந்துவிடும். பாடத்தைத் தப்பான இடத்தில் தொடங்கியிருக்கிறேன் என்பது ஓய்வு பெற்ற பிறகுதான் உறைத்தது. அடுப்படியில் தொடங்கியிருக்க வேண்டும்.

சிங்கப்பூரில், எங்கள் குவீன்ஸ்டவுன் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் அம்மா அரிசியை அப்படியே உலையில் போட மாட்டார். முதலில் முறத்தில் புடைப்பார். உமியும் தூசும் பறக்கும், கனமான அரிசி முறத்திலேயே விழும். அப்புறம் தண்ணீர் விட்டு அரிப்பார். கல் அடியில் தங்கிவிட, அரிசி மட்டும் நீரோடு அடுத்த சட்டிக்குப் போகும். மாவு என்றால் சலிப்பார், அங்கே கணக்கு பருமன். புளித்தண்ணீரைத் தெளியவிட்டு இறுப்பார், சோற்றை வடிப்பார், தயிரைக் கடைவார். எத்தனை வினைச்சொற்கள் பாருங்கள்! ஒவ்வொன்றும் ஒரு பிரிப்பு முறை. இரண்டு பொருள்கள் எந்தக் குணத்தில் வேறுபடுகின்றனவோ, அதைப் பிடித்துக்கொண்டுதான் பிரிக்கிறோம். கலவை என்றால் இதுதான்: ஒன்றாகக் கிடந்தாலும் அதனதன் குணம் அதனதனிடமே இருக்கும்.

பாலையும் நீரையும் அன்னப்பறவை பிரிக்கும் என்பார்களே, அதில் எனக்கு ஒரு சந்தேகம். பசும்பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர்தான். பாவம், அன்னம் எந்தத் தண்ணீரை விட்டுவைக்கும்?

சரி, டெக்கா பக்கம் ஒரு கோப்பிக்கடைக்குப் போவோம். நீளமான துணிப்பையில் தூளைப் போட்டு வெந்நீர் ஊற்றுகிறார்கள். சக்கை பையில் நின்றுவிடுகிறது. நிறமும் கசப்பும் கீழே இறங்கிவிடுகின்றன. கரைந்துவிட்ட பொருள் துணிக்கு அகப்படாது. சீனி போட்ட கோப்பியை எத்தனை முறை வடிகட்டினாலும் இனிப்பு குறையப்போவதில்லை.

கடல்நீரும் இப்படித்தான் மடக்கிவிடுகிறது. ஒரு லிட்டரில் சுமார் 35 கிராம் உப்பு. கொதிக்கவைத்து, ஆவியைக் குளிரவைத்துப் பிடித்தால் நல்ல தண்ணீர் கிடைக்கும். காய்ச்சி வடித்தல் என்பது அதுதான். ஆனால் ஒரு நாட்டுக்கே இப்படிக் காய்ச்சிக்கொண்டிருந்தால் எரிபொருள் செலவு கட்டுப்படியாகாது. 2005-ல் துவாஸில் திறந்த நம்முடைய முதல் கடல்நீர் சுத்திகரிப்பு ஆலை வேறு வழியில் போனது. அங்கே பிரிப்பது நீரைப் போகவிட்டு உப்பைத் தடுக்கும் ஒரு மெல்லிய சவ்வு. சும்மா விட்டால் நல்ல தண்ணீர்தான் உப்புப் பக்கம் போகும். அதைத் திருப்ப, கடல்நீரை ஓங்கி அழுத்த வேண்டும். கார் டயரில் இருப்பதைப் போல இருபது மடங்குக்கும் மேல் அழுத்தம்! எதிர்ச் சவ்வூடுபரவல் என்று பாடப்புத்தகம் சொல்வது இதைத்தான். ஆயிரம் லிட்டருக்கு ஏறக்குறைய மூன்றரை யூனிட் மின்சாரம் ஆகிவிடுகிறது.

2003-ல் வந்த நியூவாட்டரும், அதாவது கழிவுநீரைச் சுத்திகரித்து எடுக்கும் தண்ணீரும், இதே சவ்வு வழிதான். முன்னால் நுண்வடிகட்டல், பின்னால் புற ஊதாக் கதிர். அம்மா கடைசிவரை முகத்தைச் சுளித்தார். அரிசி அரிக்கிறாயே, அதுபோலத்தான் என்றால், "அரிசி சாக்கடையிலிருந்தா வருது?" என்பார். பதில் சொல்ல முடியவில்லை.

இப்போது அந்த உப்புக்கு வருகிறேன். தண்ணீரிலிருந்து பிரித்தாகிவிட்டது. உப்புக்குள் இருப்பதையும் பிரிக்கலாமா? உள்ளே இருப்பது சோடியமும் குளோரினும். சோடியம் தண்ணீர் பட்டால் சீறித் தீப்பிடிக்கிற உலோகம். குளோரினை 1915-ல் போர்க்களத்தில் நச்சுவாயுவாகவே திறந்துவிட்டார்கள். இரண்டும் கூடிய பொருளைத்தான் ரசத்தில் போடுகிறோம். பழைய குணம் எதுவும் மிச்சமில்லை. பிடித்துக்கொள்ள ஒரு குணமும் இல்லாதபோது எதை வைத்துப் பிரிப்பது? புடைத்தாலும் அரித்தாலும் காய்ச்சினாலும் உப்பு உப்பாகவே இருக்கும். சேர்மம் என்றால் அப்படி.

1807-ல் ஹம்ஃப்ரி டேவி என்ற ஆங்கிலேயர், சோடியம் அடங்கிய இன்னொரு சேர்மமான எரிசோடாவை உருக்கி, அதன் வழியே மின்சாரம் பாய்ச்சினார். முதன்முறையாகச் சோடியம் தனியாக வந்தது. அம்மாவின் அடுப்படியில் இதற்குச் சொல் கிடையாது. மின்னாற்பகுப்பு என்று புதிதாகக் கட்டிக்கொண்டோம். டேவிக்குக் கிடைத்த அந்தப் பளபளப்பான துணுக்கைக் காய்ச்சினாலும், மின்சாரம் பாய்ச்சினாலும், அதற்குள்ளிருந்து வேறொரு பொருள் வராது. அது தனிமம்.

நன்றி, வணக்கம்.