விருந்துக்கு முன் பட்டினி கிடப்பதை விட்டுவிட்டேன்

வணக்கம். நேற்றிரவு உறவினர் வீட்டு விடுமுறை விருந்திலிருந்து திரும்பியபோதே கேமராவை எடுத்துவிடத் தோன்றியது. அந்த வேகத்தில் பேசினால் பாதியை விட்டுவிடுவேன் என்பதால் காலை வரை பொறுத்திருந்தேன். விருந்து என்றால் காலையிலிருந்தே ஒன்றும் சாப்பிடாமல் வயிற்றில் இடம் ஒதுக்கி வைக்கும் என் வழக்கத்தை, பழைய காணொளிகளைப் பார்த்தவர்கள் அறிவீர்கள். இம்முறை அதைச் செய்யவில்லை. காலை உணவையும் மதிய உணவையும் வழக்கமான நேரத்தில், வழக்கமான அளவில் சாப்பிட்டுவிட்டே புறப்பட்டேன்.

முன்பெல்லாம் முதல் பத்து நிமிடங்களில் என்ன சாப்பிட்டேன் என்பதே நினைவிருக்காது. நேற்று எதிரில் இருந்தவர் சொன்ன கதை முழுவதும் காதில் விழுந்தது.

பட்டினி கிடந்தால் மனம் உணவையே சுற்றுவதற்கு நம் மன உறுதிக் குறைவு காரணமல்ல. அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944-45இல் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் நடத்திய ஆய்வில், 36 இளைஞர்கள் 24 வாரங்கள் அரைப் பட்டினியில் இருந்து, உடல் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை இழந்தார்கள். சமையலில் முன்பு அக்கறையே இல்லாத சிலர்கூடச் சமையல் குறிப்புகளைச் சேகரிக்கத் தொடங்கினார்கள். கட்டுப்பாடு நீங்கிய பிறகும் சிலரால் எவ்வளவு உண்டும் நிறைவடைய முடியவில்லை. ஒரு நாள் உணவைத் தவிர்ப்பதை அந்தக் கொடுமையோடு ஒப்பிடவில்லை. ஆனால் உணவு குறைந்தால் உடலும் மனமும் அதைத் தேடிப் போகும் என்பதை அதில் தெளிவாகப் பார்க்கலாம்.

எனக்கு இன்னும் நெருக்கமான ஆய்வு 1975இல் ஹெர்மன், மேக் என்ற இருவர் செய்தது. முதலில் மில்க்‌ஷேக் குடிக்கக் கொடுத்து, பிறகு ஐஸ்கிரீமை வேண்டிய அளவு சாப்பிடச் சொன்னார்கள். சாதாரணமாக உண்பவர்கள் குறைத்துக்கொண்டார்கள். எப்போதும் கட்டுப்பாட்டோடு இருப்பவர்களோ, ஒன்றும் குடிக்காதபோது சாப்பிட்டதைவிடக் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். முழுக்க நனைந்த பின் முக்காடு எதற்கு என்ற மனநிலைதான் அது. எத்தனை விருந்துகளில் நான் அப்படி நனைந்திருக்கிறேன்!

இப்போது நேற்றைய விருந்துக்கே திரும்புகிறேன். இரண்டாம் முறை பரிமாறிக்கொண்டு வந்த பெரியம்மாவின் கரண்டி என் தட்டுக்கு நேர் மேலே வந்து நின்றது. “போதும் பெரியம்மா, மிகவும் நன்றாக இருந்தது” என்றேன். கரண்டி நகரவில்லை. “ஒரே ஒரு கரண்டி, எனக்காக” என்றார். முன்பென்றால் வயிறு சரியில்லை என்றோ, மருத்துவர் சொல்லியிருக்கிறார் என்றோ ஒரு பொய்யைச் சொல்லியிருப்பேன். அந்தப் பொய்க்கு உடனே ஒரு தீர்வும் கிடைத்து, அதுவும் தட்டில் விழுந்திருக்கும். நேற்று எந்தக் காரணமும் சொல்லாமல் அதே சொற்களை இரண்டாம் முறை சொன்னேன், பிறகு மூன்றாம் முறையும். கரண்டி அடுத்த தட்டுக்குப் போனது. பெரியம்மா வருத்தப்படவே இல்லை. சற்று நேரத்தில் என் அருகில் அமர்ந்து பேசத் தொடங்கிவிட்டார். இத்தனை ஆண்டுகளாக இதற்கா அஞ்சினேன் என்று எனக்கு வியப்பாக இருக்கிறது.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன்: அந்தக் கரண்டி வருவதற்கு முன்பு, முதல் தட்டை முடித்துவிட்டுச் சிறிது நேரம் காத்திருந்தேன். வயிறு நிறைந்த செய்தி மூளைக்கு முழுமையாகச் சென்று சேர ஏறத்தாழ 20 நிமிடங்கள் ஆகும் என்பார்கள். அந்த இடைவெளி இல்லாதிருந்தால் “போதும்” என்பதை அவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்க மாட்டேன். இனிப்பைப் பொறுத்தவரை, எனக்குப் பிடித்ததை முழுதாக, ரசித்துச் சாப்பிட்டேன். பிடிக்காத இரண்டைத் தொடவில்லை.

எனக்குச் சிறிதும் பிடிக்காத ஒன்று உண்டு: சாப்பாட்டு மேசையில் ஒருவருடைய எடையைப் பற்றிப் பேசுவது. “இளைத்துவிட்டாயே”, “கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிறாயே” ஆகிய இரண்டையும் நேற்றும் கேட்டேன். பாராட்டாகச் சொன்னாலும், கேட்பவர் அடுத்த கவளத்தை எண்ணிப் பார்த்தே எடுப்பார். நான் பேச்சை, அப்படிச் சொன்னவருடைய பயணத்துக்குத் திருப்பிவிட்டேன். உணவைப் பற்றிய அச்சமோ குற்ற உணர்வோ உங்களை நாள்தோறும் வாட்டுகிறது என்றால், இந்தக் காணொளியோடு நிறுத்திக்கொள்ளாமல் ஒரு மருத்துவரிடம் தயவுசெய்து பேசுங்கள்.

இன்று காலை, நேற்றைய கணக்கைச் சரிசெய்யவென்று உணவைத் தவிர்க்கவில்லை. பசித்தது, சாப்பிட்டேன். வரும் ஞாயிற்றுக்கிழமை இன்னொரு வீட்டில் விருந்து இருக்கிறது. அன்றும் மதிய உணவை ஒரு மணிக்கே முடித்துவிட்டுத்தான் கிளம்புவேன். அந்த வீட்டு அத்தை பெரியம்மாவைவிட விடாப்பிடியானவர். மூன்று முறை போதுமா, நான்காவது முறையும் சொல்ல வேண்டியிருந்ததா என்பதை அடுத்த காணொளியில் சொல்கிறேன்.