தெரியாது என்று எழுத ஒரு கட்டம்

அவைத் தலைவர் ஐயா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பங்குத்தந்தை அவர்களே, மாமன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, கல்லூரி மாணவ மாணவியரே, அனைவருக்கும் வணக்கம்.

பங்குத்தந்தை அவர்கள் மாலைத் திருப்பலியை முடித்த கையோடு வந்திருக்கிறார். தலைப்பு இன்னது என்று தெரிந்தும் வந்தாரே, அதற்குத் தனியாக ஒரு வணக்கம். மாமன்ற உறுப்பினர் அம்மா இந்த வாசகசாலைக்கு மின்விசிறி வாங்கித் தந்தவர். அந்தக் காற்றில்தான் நாம் உட்கார்ந்திருக்கிறோம். தலைவர் ஐயா உடம்புக்கு முடியாத நிலையிலும் வந்திருக்கிறார். அவர் நீடு வாழ வேண்டும்.

கத்தோலிக்கக் கல்லூரியில் ஓர் அறியொணாவாதி படித்த கதையைப் பேசச் சொன்னார்கள். கடவுள் உண்டு என்று நான் சொல்வதில்லை, இல்லை என்றும் சொல்வதில்லை. தெரியாது என்பேன். 'கண்டவர் விண்டிலர், விண்டவர் கண்டிலர்' என்பது நம் ஊர்ப் பழமொழி. என் கட்சி அதுதான். அங்கே நான் கற்றது என்ன, சட்டம் என்ன சொல்கிறது, பெற்றோர் என்ன செய்ய வேண்டும் என்று மூன்று செய்திகளைச் சொல்லிவிட்டு அமர்கிறேன்.

முதலில் நன்றிக்கடன். 1844-இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883-இல் திருச்சிக்கு வந்த புனித வளனார் கல்லூரி, 1925-இல் சென்னையில் தொடங்கிய லயோலா, இவையெல்லாம் கத்தோலிக்கத் துறவியரான சேசு சபையார் நடத்துபவை. இராமேசுவரத்து இஸ்லாமியப் பிள்ளை அப்துல் கலாம் இயற்பியல் படித்தது வளனார் கல்லூரியில்தான். இதை யாரும் மறக்கக் கூடாது.

நான் படித்தது வேறோர் ஊரில். பெயர் வேண்டாம். விடுதியில் சேர்ந்த அன்று அப்பா டிரங்குப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுத் துண்டால் முகம் துடைத்துக்கொண்டிருந்தார். படிவத்தில் 'மதம்' என்று ஒரு கட்டம். நான் 'தெரியாது' என்று எழுதிவிட்டேன். எழுத்தர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். "தெரியாதா? பொறந்த தேதி தெரியுதுல்ல? அப்பா பேரு தெரியுதுல்ல? இது மட்டும் எப்படிடா தெரியாமப் போச்சு?" வரிசையில் நின்றவர்கள் எல்லாம் சிரிக்கிறார்கள். அப்பா ஓடி வந்து, "இந்துன்னு போட்டுக்குங்க சார், பையனுக்கு ரெண்டு நாளா காய்ச்சல்" என்றார். காய்ச்சலும் இல்லை, ஒன்றும் இல்லை. "இல்ல சார், அப்படியே இருக்கட்டும்" என்றேன் நான். அப்பா என் தோளைக் கிள்ளினார். எழுத்தர் படிவத்தைத் தூக்கிக்கொண்டு விடுதிக் காப்பாளரிடம் போனார். அவர் ஒரு சாமியார். படிவத்தைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "தெரியாதுன்னு எழுதியிருக்கியே, தெரிஞ்சுக்க இஷ்டமா?" "இஷ்டம்தான் ஃபாதர்." "அப்ப வியாழக்கிழமை பைபிள் வகுப்புக்கு வா. சண்டை போடலாம்." கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

ஆனால் அலுவலகப் பேரேட்டில் 'இந்து' என்றுதான் ஏறியது. அந்தப் பேரேட்டைப் பார்த்துத்தான் வகுப்பும் பிரித்தார்கள். கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, அதாவது அந்தப் பைபிள் வகுப்பு, மற்றவர்களுக்கு அதே மணி நேரத்தில் நீதிபோதனை. நான் ஃபாதர் சொன்னபடி பைபிள் வகுப்பில் உட்கார, நீதிபோதனையில் எனக்கு ஆப்சென்ட் விழுந்தது. வீட்டுக்குக் கடிதம் போய்விட்டது. அப்பா பதறிப்போய் பஸ் ஏறி வந்தார், பையன் கெட்டுப்போய்விட்டான் என்று.

அந்த வகுப்பில் ஃபாதர் யோபு நூலை நடத்தினார். துன்பப்பட்ட யோபு கடவுளையே கேள்வி கேட்கிறான். நண்பர்களோ கடவுள் பக்கம் நின்று உறுதியாகப் பேசுகிறார்கள். கடைசியில், 42-ஆம் அதிகாரத்தில், கடவுள் கோபப்படுவது அந்த நண்பர்கள் மேல். யோபு பேசியதுதான் சரி என்கிறார். கண்டவர் விண்டிலர், விண்டவர் கண்டிலர்! கத்தோலிக்க இறையியலின் பேராசான் தாமஸ் அக்குவினாஸ், கடவுள் இன்னது என்று நம்மால் அறிய முடியாது, இன்னது அல்ல என்றுதான் அறிய முடியும் என்று எழுதினார். 1273 டிசம்பரில் எழுதுவதையே நிறுத்திவிட்டார், எழுதியதெல்லாம் வைக்கோலாகத் தெரிகிறது என்று. இதையெல்லாம் எனக்குக் கற்றுக் கொடுத்தது கத்தோலிக்கக் கல்லூரி. தெரியாது என்பவனுக்கு அங்கே இடம் இருக்கிறது. பேரேட்டில்தான் இடம் இல்லை.

சட்டத்துக்கு வருகிறேன். அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் கல்வி நிறுவனத்தில் ஒருவரை அவர் சம்மதம் இல்லாமல் மதபோதனைக்கோ வழிபாட்டுக்கோ கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 28(3). திருச்சபையும் இதையே சொல்கிறது. கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களுக்கென்று 1990-இல் போப் இரண்டாம் ஜான் பால் வெளியிட்ட சாசனம், ஒவ்வொருவரின் மனசாட்சிச் சுதந்திரமும் முழுமையாக மதிக்கப்பட வேண்டும் என்கிறது. பள்ளிச் சான்றிதழில் சாதி, மதம் இல்லை என்று குறிக்கலாம் என்று தமிழ்நாடு அரசு 1973-லேயே ஆணை போட்டது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மதம் குறிப்பிடாதவர்கள் சுமார் 28.7 லட்சம் பேர். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் கல்லூரிக்குப் போகத்தானே வேண்டும்?

நான் கேட்பது சின்ன விஷயம். வருவாய்த்துறை தந்த சாதிச் சான்றிதழ் சேர்க்கைப் பிரிவில் அப்படியே இருக்கட்டும். இடஒதுக்கீட்டில் யாரும் கை வைக்க வேண்டாம். கல்லூரி தானே அச்சடிக்கிற விடுதிப் படிவத்திலும் வகுப்புப் பதிவேட்டிலும் 'தெரியாது / சொல்ல விரும்பவில்லை' என்று இன்னொரு கட்டம் வேண்டும். மறைக்கல்வியா நீதிபோதனையா என்பதை மாணவரே டிக் செய்யட்டும். பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு ஓட்டுரிமை கொடுத்திருக்கிறோம், இதைக் கொடுக்க முடியாதா?

பெற்றோர் பற்றிப் பேச நேரம் இல்லை, தலைவர் மணியடித்துவிட்டார். கல்லூரி நிர்வாகங்களுக்கு அனுப்ப ஒரு மனு தயாராக இருக்கிறது. வாசல் மேசையில் வைத்திருக்கிறோம். மாணவர்கள் பெயரும் துறையும் எழுதிக் கையெழுத்திட்டால் போதும், மதம் எழுத வேண்டாம். பங்குத்தந்தை அவர்கள் முதல் கையெழுத்தைப் போட்டுத் தொடங்கி வைக்க வேண்டும் என்று இந்த மேடையிலிருந்தே கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.