கேள்வி-பதில்: வெட்னரி நர்ஸ் வேலைய விட்டுடலாமா?

சரி, அடுத்த கேள்வி. கொஞ்சம் நீளம், சுருக்கி வாசிக்கிறேன். "அக்கா, நான் 6 வருஷமா வெட்னரி நர்ஸா இருக்கேன். சின்ன வயசுலேர்ந்து இதுதான் வேணும்னு ஆசைப்பட்டு வந்த வேலை. இப்ப காலைல அலாரம் அடிச்சா வயித்தப் பிசையுது. வேற வேலைக்குப் போயிடலாமான்னு இருக்கு. ஆனா எனக்கு வேற என்ன தெரியும்? வாயில்லா ஜீவன்கள விட்டுட்டு ஓடற மாதிரி குத்த உணர்ச்சி வேற. வலது மணிக்கட்டுலயும் ரொம்ப நாளா வலி. நீங்க எப்படி வெளிய வந்தீங்க?"

வயித்தப் பிசையுதுன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அந்த இடத்துல கொஞ்ச நேரம் நின்னுட்டேன். எனக்கு வயிறு இல்ல, வண்டி சாவி. டியூட்டி இருக்கிற நாள்ல சாவி எங்க வெச்சேன்னு தெரியாது, வீடு பூரா தேடுவேன். லீவு நாள்ல மட்டும் கண்ணு முன்னாடியே தொங்கும். இத கவனிக்கவே எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு. மொத்தம் 11 வருஷம் அந்த வேலைல இருந்தேன். வெளிய வந்து 4 வருஷம் ஆகுது.

விடலாமான்னா, தாராளமா விடலாம். ஆனா எத விடறீங்கன்னு முதல்ல தெரியணும். அது தெரியாம விட்டா, விட்டது ஒண்ணாவும் வலிச்சது வேற ஒண்ணாவும் போயிடும்.

ஒரு நாள் நடந்தத சொல்றேன். 14 வயசு லாப்ரடார். கருணைக்கொலைக்குக் கொண்டு வந்திருக்காங்க. முன்னங்கால்ல ரோமத்த மழிச்சு, முழங்கைக்கிட்ட கட்டை விரலால அழுத்திப் பிடிக்கிறேன். அப்பதான் ரத்தக்குழாய் புடைச்சு வரும். டாக்டர் ஊசிய உள்ள விட்டு லேசா இழுப்பார், சிரிஞ்சுல ரத்தம் திரியா ஏறும். அது தெரிஞ்சதும் நான் விரல எடுக்கணும். எடுத்தப்புறம்தான் மருந்து உள்ள போகும். பார்க்கறவங்களுக்கு டாக்டர்தான் ஊசி போடறார். என் கட்டை விரலுக்கு மட்டும் தெரியும், அது விட்டாதான் எல்லாம் நடக்கும்னு. அந்த நாய் என் முழங்கை மேல தலைய சாய்ச்சுது, அவ்வளவுதான், முடிஞ்சுது. வீட்டுக்காரங்க அழறாங்க. நானும் கூட நின்னேன். அப்புறம் அடுத்த ரூம் கதவத் திறந்தா, எட்டு வார நாய்க்குட்டி, முதல் தடுப்பூசி. "அய்யோ, யாரு இந்தக் குட்டி?"ன்னு சிரிக்கணும். சிரிச்சேன். நடுவுல 4 நிமிஷம்கூட இல்ல. சட்டைல அந்தக் கிழவனோட முடி அப்படியே ஒட்டியிருக்கு.

என்னால சாவப் பார்க்க முடியல, அதான் இந்த வேலை எனக்கு ஒத்துக்கலன்னு பல வருஷம் நினைச்சுக்கிட்டிருந்தேன். அப்புறம் ஒரு சீனியர் ஒரு யோசனை சொன்னாங்க. டியூட்டி சார்ட்டுக்குப் பின்பக்கம், ஷிப்ட் முடிஞ்சதும், இன்னைக்கு எந்த நிமிஷம் என்னைப் பிழிஞ்சுதுன்னு ஒரே ஒரு வரி எழுதுன்னு. 2 வாரம் எழுதினேன். எழுதினத வாசிச்சா, சாவுங்கிறதுக்காகவே எழுதின வரி ரொம்பக் கம்மி! வலி இல்லாம, வீட்டுக்காரங்க பக்கத்துல இருந்து, நிதானமா நடந்த கருணைக்கொலை ஒண்ணுகூட அந்த லிஸ்ட்ல இல்ல. அந்த 4 நிமிஷம் இருந்துச்சு. மதியச் சாப்பாடு சாப்பிடாத நாள் இருந்துச்சு. அப்புறம், திரும்பத் திரும்ப வந்தது ஒண்ணு: வைத்தியம் பண்ணினா பிழைக்கும், ஆனா வீட்டுக்காரங்ககிட்ட பணம் இல்ல, அதனால கருணைக்கொலை. எலும்பு முறிவு, குடல் அடைப்பு, கர்ப்பப்பைல சீழ் வெச்சது. சரி பண்ணக்கூடிய வியாதிங்க எல்லாம்.

இதுக்கெல்லாம் தனித்தனிப் பேர் இருக்கு. எல்லாத்தையும் சேர்த்து ஸ்ட்ரெஸ்னு சொல்லிடறோம், அங்கதான் தப்பு. வேலைல எரிஞ்சு போறது, அதாவது பர்ன்-அவுட், 1974ல ஃப்ராய்டன்பெர்கர்ங்கிற உளவியலாளர் எழுதி பரவின வார்த்தை. உலக சுகாதார நிறுவனம் 2019ல அத வியாதியா சேர்க்கல, வேலை சம்பந்தப்பட்ட நிகழ்வுன்னு வகைப்படுத்துச்சு. சக்தியே இல்லாம போறது, வேலை மேல வெறுப்பு இல்லன்னா விலகல் வர்றது, நான் பண்றது எதுவும் உருப்படலங்கிற நினைப்பு, இந்த மூணும்தான் அதுக்கு அடையாளம். ரெண்டாவது, இரக்கக் களைப்பு. 1992ல கார்லா ஜாய்ன்சன்னு ஒரு நர்ஸ் நர்சிங் பத்திரிகைல எழுதினது. அடுத்தவங்க வேதனைய தாங்கித் தாங்கி உள்ள மரத்துப் போறது. மூணாவது, 1984ல ஆண்ட்ரூ ஜேம்டன்னு ஒரு தத்துவ ஆசிரியர் நர்ஸ்கள வெச்சு சொன்ன தார்மீகத் துயரம். எது சரின்னு உனக்குத் தெரியும், ஆனா செய்ய முடியாம கைய கட்டிப் போட்டிருக்கும்.

மூணுக்கும் மருந்து ஒண்ணு இல்ல, அதான் விஷயம். பர்ன்-அவுட்னா, பல நேரம் இடத்த மாத்தினாலே சரியாகும். நைட் ஷிப்ட் இல்லாத ஒரு சின்ன கிளினிக், ஆள் பலம் இருக்கிற ஒரு பெரிய ஆஸ்பத்திரி, வாரத்துல ஒரு நாள் கம்மி. தொழிலையே விடணும்னு இல்ல. இரக்கக் களைப்புன்னா நோயாளிகிட்டயிருந்து கொஞ்சம் தூரம் வேணும். ஆபரேஷன் தியேட்டர், லேப், பாடம் நடத்தறது, இந்த மாதிரி. தார்மீகத் துயரம்னா, வேற கிளினிக் போனாலும் அது கூடவே வரும். பில் கட்ட முடியாதவங்க எல்லா ஊர்லயும் இருக்காங்க. எனக்கு இருந்தது இந்த மூணாவது. அதனாலதான் நான் கிளினிக்க மாத்தி மாத்தி ஏமாந்தேன். 3 இடம் மாறினேன். ஒவ்வொரு இடத்துலயும் முதல் 6 மாசம் சொர்க்கம்.

அதனால நீங்களும் 2 வாரம் எழுதுங்க. ஆப் எல்லாம் வேண்டாம், பேப்பர் போதும்.

அடுத்தது, "எனக்கு வேற என்ன தெரியும்?" இந்தக் கேள்விக்கு எனக்குக் கோவமே வருது. உங்க மேல இல்ல. நம்ம வேலையோட பேர் மேல. பிரிட்டன்ல இந்தப் படிப்பு 1961ல ஆரம்பிச்சப்ப நர்ஸ்ங்கிற பேரையே குடுக்கல. அது மனுஷ நர்ஸ்களுக்குன்னு சட்டம் ஒதுக்கி வெச்ச பேரு. அதனால விலங்கு நர்சிங் உதவியாளர்னு ஏதோ ஒரு பேரு. 1984லதான் வெட்னரி நர்ஸ்னு ஆச்சு. அமெரிக்காவுல இன்னைக்கும் பெரும்பாலும் டெக்னீஷியன்தான். இப்படிப் பேர வெச்சு வெளியாளுங்களுக்கு ஒண்ணும் புரியாது. நாய் குளிப்பாட்டறவங்கன்னு நினைக்கிறாங்க. சொல்லப்போனா அதுவும் செஞ்சிருக்கோம், அது வேற கதை.

என் முதல் இன்டர்வியூ எப்படிப் போச்சு தெரியுமா? "உங்க அனுபவத்தப் பத்தி சொல்லுங்க"ன்னாங்க. எனக்கு விலங்குன்னா உயிர், டாக்டருக்கு உதவி பண்ணுவேன், கூண்டு சுத்தம் பண்ணுவேன், வீட்டுக்காரங்களுக்கு ஆறுதல் சொல்லுவேன்னேன். நன்றி, சொல்லி அனுப்பறோம்னாங்க. சொல்லியும் அனுப்பல.

ரெண்டாவது இன்டர்வியூக்கு முந்தின நாள் ராத்திரி, என் பழைய மயக்க மருந்து சார்ட் ஒண்ண மனசுக்குள்ள ஓட்டிப் பார்த்தேன். ஒரு பூனை ஒன்றரை மணி நேரம் டேபிள்ல இருந்துச்சுன்னா, 5 நிமிஷத்துக்கு ஒரு தடவை நாடி, மூச்சு, ஆக்சிஜன், ரத்த அழுத்தம் எழுதியிருக்கேன். மூச்சுல வர்ற கார்பன் டை ஆக்சைட் 35லேர்ந்து 45க்குள்ள நிக்குதான்னு பார்த்திருக்கேன். ஏறினா டாக்டர் தலை தூக்கறதுக்கு முன்னாடியே, மூச்சுக் காத்து உள்ள தள்ற பையை அமுக்கியிருக்கேன். உடம்பு சூடு குறையும்னு போர்த்தியிருக்கேன். எடைக்கு ஏத்த மாதிரி டோஸ் கணக்குப் போட்டிருக்கேன். ரெண்டு கிலோ பூனைக்குப் புள்ளி ஒரு இடம் தள்ளிப் போனா பத்து மடங்கு மருந்து, யோசிச்சுப் பாருங்க! போதை மருந்து ரிஜிஸ்டர் ஒரு சொட்டு குறையாம டேலி பண்ணியிருக்கேன்.

மறுநாள் இதத்தான் சொன்னேன். விலங்குன்னா உயிர்ங்கிறத சொல்லவே இல்ல. எதிர்ல உட்கார்ந்திருந்தவர் பேனாவ எடுத்தார். அப்பதான் எனக்கே தெரிஞ்சுது, நான் 11 வருஷமா என்ன பண்ணிக்கிட்டிருந்தேன்னு.

இப்ப நான் இருக்கிறது மருந்துப் பாதுகாப்புப் பிரிவு. விலங்கு மருந்துகளுக்குப் பக்க விளைவு வந்தா ஃபோன் வரும், மெயில் வரும், அத விசாரிச்சுப் பதிவு பண்ணணும். வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒரு அம்மா கூப்பிட்டாங்க. பூனை நடுங்குது, காது துடிக்குது, தோல் சுருங்கிச் சுருங்கி விரியுதுன்னாங்க. பூனைக்கு எந்த மருந்தும் போடலன்னு அடிச்சு சொல்றாங்க. "வீட்ல நாய் இருக்காம்மா?"ன்னேன். இருக்கு. "நாய்க்கு உண்ணி மருந்து முதுகுல சொட்டு விட்டீங்களா?" நேத்து விட்டோம். "ரெண்டும் ஒண்ணா படுக்குமா?" அந்தப் பக்கம் சத்தமே இல்ல. நாய் உண்ணி மருந்து சிலதுல பெர்மெத்ரின் இருக்கும். நாய் தாங்கும், பூனையோட ஈரலால அத சரியா உடைக்க முடியாது, நரம்ப பாதிக்கும். உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சொன்னேன், அந்த டப்பாவையும் கையோட எடுத்துக்கிட்டுப் போகச் சொன்னேன். பக்கத்து சீட்ல இருந்தவர் கெமிஸ்ட்ரில பெரிய படிப்பு. "நாய் இருக்கான்னு உங்களுக்குக் கேக்கத் தோணிச்சே"ன்னார். அப்படி எத்தன பூனைய கையில புடிச்சிருக்கேன், தோணாம இருக்குமா?

இதனாலதான் குத்த உணர்ச்சின்னு நீங்க சொன்னதுக்கு எனக்குப் பெருசா ஒண்ணும் சொல்லத் தெரியல. அந்தப் பூனைய நான் தொடவே இல்ல. விட்டுட்டு ஓடினேனான்னு கேட்டா, இல்ல. ஆனா மடியில தூங்கற நாய்க்குட்டியோட சூடு இந்த ஆபீஸ்ல கிடைக்காது, அதையும் மறைக்க மாட்டேன். முதல் வருஷம் ரொம்பத் தேடுச்சு. இப்பவும் சில நாள்.

வேற என்ன வேலை இருக்குன்னா, வேகமா சொல்றேன். பெட் இன்ஷூரன்ஸ்ல க்ளெய்ம் பார்க்கறது. கேஸ் ஷீட் படிக்கத் தெரிஞ்ச ஆள் அவங்களுக்கு வேணும். ஆனா பணம் இல்லாததுதான் உங்களப் பிழியுதுன்னா அந்தப் பக்கம் போகாதீங்க, தினம் அதேதான். லேப், ஸ்கேன் மெஷின், மயக்க மருந்து மெஷின் விக்கிற கம்பெனில ட்ரெயினிங் குடுக்கறது. மனுஷ ஆஸ்பத்திரில கருவிகள ஸ்டெரிலைஸ் பண்ற பிரிவு. நீராவில கிருமியக் கொல்ற ஆட்டோகிளேவ் மெஷினும் பேக்கிங்கும் உங்களுக்குப் புதுசில்ல. வெட்னரி நர்சிங் சொல்லிக் குடுக்கறது. மருந்து ஆராய்ச்சில டேட்டா சரிபார்க்கறது. மனுஷ நர்ஸா ஆகலாமான்னு நிறைய பேர் கேக்கறாங்க. ஆகலாம், ஆனா அது வேற படிப்பு, வேற பதிவு. பெரும்பாலும் ஆரம்பத்துலேர்ந்துதான். ஆராய்ச்சிக்கூட விலங்குகளப் பராமரிக்கிற வேலையும் உண்டு. உங்க திறமைக்கு அது பொருந்தும், மனசுக்குப் பொருந்துமான்னு நீங்கதான் பார்த்துக்கணும். என்னால முடிஞ்சிருக்காது.

ராஜினாமா லெட்டர் இன்னைக்கே எழுதாதீங்க. நைட் ஷிப்ட் முடிச்சு வந்த காலைல கண்டிப்பா எழுதாதீங்க. வாரத்துல ஒரு நாள் குறைச்சுக் கேளுங்க, அந்த ஒரு நாள்ல அப்ளிகேஷன் போடுங்க. அந்த வேலைல இருக்கிற யாரையாவது புடிச்சு அரை மணி நேரம் பேசுங்க. உங்க பதிவு இருக்கு பாருங்க, நர்ஸா பதிவு பண்ணியிருந்தீங்கன்னா, வெளிய போனாலும் ரெண்டு வருஷமாவது புதுப்பிச்சுக்கிட்டே இருங்க. ஒரு தடவை விட்டுப் போனா திரும்ப வாங்கறது பெரிய தலைவலி. எனக்கு அந்தப் பதிவு இருந்த தைரியத்துலதான் முதல் வருஷம் தூக்கம் வந்துச்சு. பிடிக்கலன்னா திரும்பிப் போகலாம்னு ஒரு கதவு.

கேள்விக்கு நடுவுல போறபோக்குல ஒண்ணு சொல்லியிருந்தீங்களே, மணிக்கட்டு வலின்னு. அத விட்டுடாதீங்கம்மா. 6 வருஷமா நாய்களத் தூக்கி, திமிர்ற பூனைகள அமுக்கிப் பிடிச்ச கை அது. வேலைல இருக்கும்போதே ஒரு டாக்டர்கிட்ட காட்டுங்க. எப்ப ஆரம்பிச்சது, எந்த வேலை செஞ்சா வலிக்குதுன்னு அவர்கிட்ட சொல்லி எழுத வையுங்க. கிளினிக்ல விபத்து ரிஜிஸ்டர் இருந்தா அதுலயும் தேதியோட பதியுங்க. பூனைக்கடி வாங்கியிருந்தா அதையும் சேர்த்து. வெளிய வந்தப்புறம், இது வேலைல வந்த வலின்னு சொன்னா, எங்க எழுதியிருக்குன்னு கேப்பாங்க. என்கிட்ட கேட்டாங்க. என்கிட்ட எதுவும் இல்ல. இந்த மோதிர விரல் இன்னமும் முழுசா மடங்காது, பாருங்க, இவ்வளவுதான் வரும்.

சரி, அடுத்த கேள்விக்குப் போவோம்.