சும்மாதான் ஏறினேன்

வணக்கம் நேயர்களே. இந்த நிகழ்ச்சிக்குப் பேசக் கூப்பிட்டவர்கள், சைக்கிள் வீரர் என்று அறிமுகம் செய்யலாமா என்று கேட்டார்கள். வேண்டாங்க என்றேன். எனக்கு 54 வயது. அம்மாப்பேட்டையில் ஒரு தறிப் பட்டறையில் கணக்கு எழுதுகிறேன், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏற்காட்டுக்கு சைக்கிள் மிதிப்பேன், அவ்வளவுதான். ஒரு போட்டியிலும் கலந்துகொண்டதில்லை. நம்ம ஊரில் மலை ஏறுகிற பையன்கள் ஒரு கூட்டமே இருக்கிறது, முதல் வளைவு வருவதற்குள் என்னைத் தாண்டிப் போய்விடுவார்கள்.

அடிவாரத்தில் நான் டீ குடிக்கிற கடைக்கார அண்ணன் ஆரம்பத்தில் வாராவாரம் கேட்பார். "மேல என்ன வேலைங்க?" ஒரு வேலையும் இல்லண்ணா. "சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களா?" இல்லண்ணா. "சுகருங்களா?" அதற்கும் இல்லை என்றதும் அவர் முகத்தில் ஒரு சந்தேகம் வந்துவிட்டது. டாக்டர் நடக்கச் சொன்னார் என்றால் நம்ம ஊரில் நடுராத்திரியில்கூட நடக்கலாம், ஒருத்தரும் கேட்கமாட்டார்கள்; ஆசையாக இருந்தது, நடந்தேன் என்றால்தான் ஆயிரம் கேள்வி. கடைசியில் "சும்மாதாண்ணா" என்று சொல்லி வைத்தேன். சும்மாவுக்குப் பதினைந்து அர்த்தம் என்று ஒரு ஃபார்வர்டு உங்கள் வாட்ஸப்புக்கும் வந்திருக்கும், அதை விடுங்கள். எனக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றுதான். செய்கிற காரியத்துக்கு அந்தக் காரியத்தைத் தவிர வேறு காரணம் கிடையாது.

அந்தச் சும்மாவை நான் ஒருமுறை தொலைத்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

மூன்று வருடம் முன்னால் பட்டறையில் ஒரு பையன் என் போனில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்தான். எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு நேரம், இதே ரோட்டில் ஏறினவர்களில் நான் எத்தனையாவது ஆள், எல்லாம் காட்டும். நாள் முழுக்கக் கணக்கு எழுதுகிறவன் எண்ணைக் கண்டால் விடுவேனா? நம்ம சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்குள்தான் இருக்கிறது, ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர், நடுவில் 20 கொண்டை ஊசி வளைவு. வளைவுக்கு வளைவு நம்பர் போட்ட பலகை இருக்கும். முன்பெல்லாம் அந்தப் பலகை எனக்கு நின்று மூச்சு வாங்கிக்கொள்ள ஒரு சாக்கு, குரங்குகள் என் பையை நோட்டம் விட, நான் குரங்குகளை நோட்டம் விட, கீழே மூங்கில் காற்றில் உரசுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். ஆப் வந்த பிறகு அதே பலகை வட்டிக்காரன் மாதிரி ஆகிவிட்டது. ஐந்தாவது வளைவுக்கு இத்தனை நிமிஷம், பத்தாவதுக்கு இத்தனை. நாலே மாதத்தில் 11 நிமிடம் குறைத்தேன். அடுத்த மாதம் ஒரு ஞாயிறு இரண்டு நிமிடம் கூடிப்போய்விட்டது. அன்றைக்கு வீட்டில் யாரிடமும் நான் சரியாகப் பேசவில்லை. "மலையில யார் கூடயாவது சண்டையா?" என்று கேட்டாள் மனைவி.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. ஒரு ஞாயிறு எழுந்து பார்த்தால் போனில் சார்ஜ் இல்லை. சரி, இன்றைக்கு ஏறினாலும் கணக்கில் வராதே என்று திரும்பிப் படுத்துவிட்டேன். படுத்த பிறகுதான் உறைத்தது, என்ன காரியம் செய்கிறோம் என்று.

இது எனக்கு மட்டும் வந்த கிறுக்கு இல்லை. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் நர்சரிப் பள்ளியில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்று மூன்று பேர் ஓர் ஆராய்ச்சி செய்து 1973இல் வெளியிட்டார்கள். படம் வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ள சின்னக் குழந்தைகள், கையில் நம்ம ஸ்கெட்ச் பேனா மாதிரி பேனா. சில குழந்தைகளிடம், வரைந்தால் ரிப்பன் வைத்த சர்டிஃபிகேட் தருவோம் என்று முதலிலேயே சொன்னார்கள். சிலருக்குச் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு கொடுத்தார்கள். மீதிப் பேருக்கு ஒன்றும் இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து அதே பேனாக்களை வகுப்பில் வைத்துவிட்டு, வரைந்தால் வரையட்டும் என்று விட்டுப் பார்த்தால், பரிசு உண்டு என்று முன்னாடியே கேட்டிருந்த குழந்தைகள் மற்றவர்களில் பாதி நேரம்தான் அந்தப் பக்கம் போனார்கள். பரிசுக்காகத்தானே வரைந்தோம், இப்போது பரிசு இல்லையே, அப்புறம் என்ன என்று மனசு தானாகவே முடிவு கட்டிவிடுகிறது. எதிர்பாராமல் பரிசு வாங்கிய குழந்தைகளுக்கு ஆசை குறையவில்லை. மலையிறங்கி வந்து சாயந்தரம் நான் தட்டுவடை செட் சாப்பிடுவதற்கு இதை நியாயமாகச் சொல்லிக்கொள்வேன், ஆனால் அதை எதிர்பார்த்துத்தான் சாப்பிடுகிறேன் என்பதால் கணக்கு கொஞ்சம் இடிக்கிறது.

இதைப் படித்தபோது எனக்கு நினைவு வந்தது என் அக்கா பேத்திதான். பட்டறையில் வீணாகிற பில் தாள்களை அவளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பேன், பின்பக்கம் முழுக்க மாடு வரைவாள். மாட்டுக்கு எட்டுக் கால் இருக்கும், கேட்டால் "ஓடுது தாத்தா" என்பாள். அவளைக் கோச்சிங் சேர்த்து, போட்டிக்கு அனுப்பி, இரண்டு கோப்பையும் வாங்கியாகிவிட்டது. இப்போது மாட்டுக்கு நாலு கால்தான். தாள் கொடுத்தால் "எந்தப் போட்டிக்கு?" என்று கேட்கிறாள்.

காசு வாங்கினாலே சந்தோஷம் போய்விடும் என்று நான் சொல்லவில்லை. செவ்வாய்ப்பேட்டையில் எனக்குத் தெரிந்த ஒருவர் வெள்ளிக் கொலுசு செய்கிறார், கூலிக்குத்தான். ஒவ்வொரு ஜோடியும் முடிந்ததும் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஒருமுறை குலுக்குவார். சரி பார்க்கிறாரோ என்று நினைத்தேன். சரி பார்ப்பதற்கு ஒரு குலுக்கு போதும், இரண்டாவது எனக்கு என்றார். அந்த இரண்டாவது குலுக்குக்கு அவருக்கு யாரும் கூலி தருவதில்லை.

உடனே யாராவது கடமையைச் செய், பலனை எதிர்பாராதே என்று ஆரம்பிப்பார்கள். ஐயா, அது வேறு. ஏற்காடு ஏறுவது என் கடமையே இல்லை, அதுதான் அதில் விசேஷம். பொழுதுபோக்கு என்கிற வார்த்தையும் எனக்குச் சரியாகப் படவில்லை. ஏதோ பொழுது ஒரு தொல்லை மாதிரி, அதைப் போக்கிவிட்டு வேறு வேலை பார்க்கப் போகிற மாதிரி இருக்கிறது.

ஆப்பை எடுத்துவிட்டேன். இரண்டு மூன்று வாரம் கை சும்மா சும்மா பையில் போனைத் தேடியது, அப்புறம் மறந்துபோச்சு.

இந்தக் கோடையில் மலையில் ஒரு நல்ல மழை பெய்தது. மழை விழுந்து எட்டுப் பத்து நாளில் காபிச் செடி பூக்கும். காபியை 1820களில் இங்கே கொண்டுவந்தவர் அப்போது சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்பார்கள். அன்றையிலிருந்து இன்றைக்கு வரைக்கும் கொட்டைக்குத்தான் விலை, பூவுக்கு யாரும் விலை போடவில்லை. வளைவெல்லாம் முடிந்து ஊர் நெருங்குகிற இடத்தில், சில்வர் ஓக் நிழலில் செடிக்குச் செடி வெள்ளையாக அப்பிக் கிடந்தது. மல்லிகை மாதிரி ஒரு வாசனை, மல்லிகையைவிடக் கொஞ்சம் ஈரமாக. நாலைந்து நாளில் கருகிவிடும். இறங்கி சைக்கிளை மதகுச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றேன். பின்னால் வந்த பையன்களில் ஒருத்தன் வேகத்தைக் குறைத்து, "என்னண்ணா, பஞ்சரா?" என்றான்.

"இல்லப்பா, சும்மா நிக்கிறேன்."

அவனும் ஒரு காலைத் தரையில் ஊன்றினான். ஒரு தடவை மூச்சை நன்றாக இழுத்தான். அப்புறம் கைக் கடிகாரத்தைப் பார்த்து, "ஐயோ, டைம் போச்சுண்ணா" என்று மிதித்துக்கொண்டு போய்விட்டான்.