ஸ்கைப்பின் பெயரை எடுத்தது சரியே

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, திருகோணமலைச் சபையோரே, எல்லோருக்கும் வணக்கம்.

'ஸ்கைப் என்ற புகழ்பெற்ற பெயரை மைக்ரோசொப்ட் கைவிட்டது சரியா, தவறா?' இதுதான் தலைப்பு. 'சரியே' என்ற அணிக்காக வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் சபையை நன்றாக அழ வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்திருக்கிறார். கனடாவில் பிறந்த பேரனின் முகத்தை அம்மம்மா முதலில் கண்டது ஸ்கைப்பில், சுவிஸ் மாப்பிள்ளையைப் பெண் வீட்டார் பார்த்ததும் ஸ்கைப்பில், அப்படிப்பட்ட பெயரை 2025 மே 5ஆம் திகதியோடு தூக்கிப் போட்டுவிட்டார்களே என்றார். நான் மறுக்கவில்லை. கொமினிகேஷன் கடையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு "கேக்குதா, கேக்குதா" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கத்தாத குடும்பம் இந்த ஊரில் குறைவு.

ஆனால் இந்தப் பட்டிமன்றத்தின் நேரம் மாறியதை அவர் நேற்று எனக்கு எதில் அறிவித்தார் என்று கேளுங்கள், நடுவர் அவர்களே. வட்ஸ்அப்பில்! ஸ்கைப் இருந்த கடைசி வருடங்களிலும் அவர் வட்ஸ்அப்பில்தான் அறிவித்திருப்பார்.

ஏன் அப்படி ஆனது? 2003இல் ஒரு சுவீடன்காரரும் ஒரு டென்மார்க்காரரும் எஸ்தோனிய நிரலாளர்களோடு சேர்ந்து ஸ்கைப்பைக் கொண்டுவந்தபோது, அது பாவனையாளர்களின் கணினிகளையே ஒன்றோடொன்று இணைத்து ஓடியது. பெரிய சேர்வர்கள் வேண்டியதில்லை, அதனால் செலவும் குறைவு. மேசைக் கணினிக்கு அது அருமையான யோசனை. கைபேசி வந்ததும் அதே யோசனை பாரமாகிவிட்டது. மற்றவர்களின் அழைப்புகளையும் சுமந்துகொண்டு எந்நேரமும் விழித்திருக்கக் கைபேசியின் பற்றரிக்கு எங்கே தெம்பு? 2011இல் 850 கோடி டொலர் கொடுத்து வாங்கிய மைக்ரோசொப்ட், உள் அமைப்பை மெல்ல மெல்லத் தன் சேர்வர்களுக்கு மாற்றியது. அதற்குள் வட்ஸ்அப் வந்துவிட்டது. தனியாக ஒரு பயனர் பெயர் வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம், போனில் இருக்கும் இலக்கமே போதும். 2015இல் குரல் அழைப்பு, அடுத்த வருடம் வீடியோவும் வந்தது. கிண்ணியாவுக்கு ஒரு காலத்தில் 'பாதை' என்று நாம் சொல்லும் மிதவைப் படகில்தான் வாகனம் ஏற்றிப் போனோம். 2009இல் பாலம் திறந்த பிறகு, பாதையில் போன சுகத்தை இன்றும் கதைப்பவர்கள்கூடப் பாலத்தால்தான் போகிறார்கள்.

எதிரணித் தலைவர் தேயிலையையும் இழுத்தார். 1972இல் நாட்டின் பெயர் மாறியும் 'சிலோன் டீ' என்ற பெயரை நாம் விடவில்லையே, அது புத்திசாலித்தனம் இல்லையா என்று கேட்டார். நல்ல கேள்வி, கைதட்டலும் கிடைத்தது. பதில் சுலபம். பெயரை வைத்திருந்தோம், ஏனென்றால் தேயிலை மாறவில்லை. அதே மலை, அதே கொழுந்து. நாளைக்கு வேறெங்கோ விளைந்த இலையைப் பெட்டியில் அடைத்து, சிங்கச் சின்னமும் குத்தி, 'சிலோன் டீ' என்று விற்றால் முதல் ஆளாகச் சண்டைக்குப் போவது எதிரணித் தலைவராகத்தான் இருக்கும்.

மைக்ரோசொப்ட் முன்பு செய்தது கிட்டத்தட்ட அந்த வேலையைத்தான். அலுவலகங்களுக்கென்று லிங்க் என்ற மென்பொருள் அவர்களிடம் இருந்தது. 2015இல் அதற்கு 'ஸ்கைப் ஃபோர் பிசினஸ்' என்று பெயர் சூட்டினார்கள். பெயர் ஒன்று, பொருள் வேறு. வீட்டு ஸ்கைப்பை நினைத்துக்கொண்டு அதைத் திறந்தவர் தலையைச் சொறிந்தார். அதன் இணையச் சேவையையும் 2021இல் மூடினார்கள். பெயருக்கு மரியாதை போனது அப்படிப் பெயர் சூட்டிய நாளில்தான், 2025இல் இல்லை. இந்த முறை ஸ்கைப்புக்குப் பதிலாகக் கொடுத்த டீம்ஸ் என்ற தங்கள் செயலியின் நெற்றியில் ஸ்கைப் என்று எழுதி ஒட்டாமல் விட்டார்களே, அந்தப் புத்தியைத்தான் நான் பாராட்டுகிறேன்.

சரி, பாவனையாளருக்கு என்ன மிஞ்சியது? வழக்கு உண்மையில் இதில்தான் இருக்கிறது, எதிரணி இதைத் தொடவே இல்லை. பெயர் கம்பனியின் சொத்து. முகவரியும் இலக்கமும் தொடர்புப் பட்டியலும் நம்முடையவை. 1996இல் தொடங்கிய ஹொட்மெயில் என்ற மின்னஞ்சல் சேவையைப் பாருங்கள். அந்தப் பெயரை எடுத்துவிட்டு 2013இல் எல்லோரையும் அவுட்லுக்குக்கு மாற்றினார்கள். ஆனால் ஹொட்மெயில் முகவரி வைத்திருந்தவருக்கு இன்றும் அதே முகவரியில் கடிதம் வருகிறது. நம் நாட்டிலேயே 1989இல் வந்த செல்டெல் என்ற கைபேசிச் சேவை டிகோ ஆனது, பிறகு எடிசலாட் ஆனது, இப்போது ஹட்ச். விளம்பரப் பலகைக்குப் பெயின்ட் அடித்தவருக்குத்தான் ஓயாத வேலை. 072இல் தொடங்கும் இலக்கம் வைத்திருந்தவர் அந்த இலக்கத்தோடேயே இருக்கிறார். செல்டெல் என்ற பெயருக்காக இந்தச் சபையில் யாராவது அழுதீர்களா? இலக்கத்தைப் பறித்திருந்தால் ஊரே கொதித்திருக்கும்.

ஸ்கைப்பிலும் பழைய கணக்கைக் கொண்டே டீம்ஸில் நுழையலாம் என்றார்கள். பேச்சுப் பதிவுகளும் தொடர்புகளும் கூடவே வந்தன. வேண்டாதவர் தன் தரவை இறக்கிக்கொள்ளவும் வழி வைத்தார்கள்.

இதில் ஒரு குறை இருக்கிறது, அதை நானே சொல்லிவிடுகிறேன். பெப்ரவரி கடைசியில் அறிவித்து மே தொடக்கத்தில் மூடினார்கள். இருபது வருடத்துக்கு மேல் ஓடிய சேவைக்கு இரண்டு மாத அவகாசம் போதாது. ஸ்கைப்பில் காசு கட்டிச் சாதாரணத் தொலைபேசிக்கு அழைத்தவர்களும் இருந்தார்கள். வீட்டில் வயர் போன் மட்டும் வைத்திருக்கும் தாய்க்கு வெளிநாட்டிலிருந்து அப்படி அழைத்த பிள்ளை வேறு வழி தேட வேண்டி வந்தது. எதிரணி இதைப் பேசியிருந்தால் நான் கொஞ்சம் திணறியிருப்பேன். ஆனால் அது அவசரத்தின் பிழை, சேவையைக் குறைத்ததன் பிழை. பெயரை மட்டும் விட்டுவைத்திருந்தால் அந்தத் தாயின் போன் மணி அடித்திருக்குமா?

நேரம் முடிந்தது என்று நடுவர் மணி அடிக்கிறார். அடுத்து எழுந்து வரப்போகும் எதிரணித் தங்கை எனக்கு ஒன்றை மட்டும் விளக்கட்டும். ஸ்கைப் என்ற பெயர் இருக்க வேண்டும் என்கிறீர்கள். எந்தப் பொருளின் மேல், தங்கை?