முடியாது என்கிற குரலும் திருமலைப் படிகளும்

நேயர்களுக்கு வணக்கம்.

நான் செங்கோட்டைக்காரி. எங்கள் ஊரைத் தாண்டினால் புளியரை, அதைத் தாண்டினால் மலை வளைவுகள், அதற்கப்பால் ஆரியங்காவு, கேரளம். 1956 நவம்பர் 1 வரைக்கும் செங்கோட்டையே திருவிதாங்கூரோடு சேர்ந்துதான் இருந்தது. என் அம்மா பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்தவர். அதனால் எங்கள் வீட்டில் திட்டும் கொஞ்சலும் இரண்டு மொழிகளிலும் வரும். இதை எதற்குச் சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும்.

இருபத்தெட்டு ஆண்டுகள் ஒரு பெண்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றேன். உடற்பயிற்சியைப் பற்றிப் பேச வேண்டும் என்று அழைத்திருக்கிறார்கள். எவ்வளவு நேரம் நடக்க வேண்டும், எத்தனை நாள் நடக்க வேண்டும் என்பதெல்லாம் உங்களில் பலருக்கு ஏற்கெனவே தெரியும். தெரிந்திருந்தும் நான்காம் நாள் செருப்பை மாட்டாமல் நின்றுவிடுகிறோமே, அந்த நான்காம் நாள் காலையைப் பற்றித்தான் நான் பேச வேண்டும்.

பண்பொழியில் திருமலைக் குமாரசுவாமி கோயில் இருக்கிறது. படிகள் அறுநூறைத் தாண்டும். மேலே போக இப்போது வண்டிப் பாதையும் உண்டு. பணியில் இருந்த காலத்தில் பிள்ளைகளை வரிசையாக ஏற்றிக்கொண்டு, நடுவில் எங்கும் நிற்காமல் மேலே போய்ச் சேர்வேன். ஓய்வு பெற்ற பிறகு முழங்கால் பிடித்துக்கொண்டது. எடை கூடியது, சர்க்கரையும் வந்தது. நடக்கச் சொன்னார் மருத்துவர். ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் தனியாகத் திருமலைக்குப் போனேன். கொஞ்சம் ஏறியதும் மூச்சு இரைத்தது. படியின் ஓரத்தில் உட்கார்ந்தேன். சாரல் காற்று முகத்தில் அடிக்கிறது, கீழே தென்னந்தோப்பும் வயலும் மஞ்சுக்குள் கிடக்கின்றன. அதையெல்லாம் பார்க்க விடாமல் உள்ளே ஒரு குரல். "நீயெல்லாம் ஒரு காலத்தில் டீச்சர். பத்துப் படி ஏறுவதற்குள் நாக்குத் தள்ளுகிறது. உனக்கெதற்கு மலை? எழுந்து வீட்டுக்குப் போ."

போய்விட்டேன். நான்கு மாதம் அந்தப் பக்கமே திரும்பவில்லை. என் முழங்கால்தான் என்னைத் தடுத்தது என்று எல்லோரிடமும் சொன்னேன். முழங்கால் மேல் பழி போட்டேன் என்பது இப்போது புரிகிறது. பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தால் அது இன்னும் கொஞ்சம் ஏறியிருக்கும். என்னை இறக்கிக் கொண்டுவந்தது அந்தக் குரல்.

அந்த நாட்களில்தான் செங்கோட்டைப் பேருந்து நிலையத்தில் என் பழைய மாணவி ஒருத்தியைப் பார்த்தேன். புனலூரில் வாழ்க்கைப்பட்டவள், தையல் வேலை செய்கிறாள். முப்பத்தைந்து வயதுக்குள் அவளுக்கும் சர்க்கரை. "காலையில் அரை மணி நேரம் வேகமாக நடக்கக் கூடாதா அம்மா?" என்று கேட்டேன். அவள் சிரித்த முகத்தோடுதான் சொன்னாள். "அதெல்லாம் எனக்கு வராது டீச்சர். எட்டாம் வகுப்பில் நீங்களே சொன்னீர்களே, 'நீ ஆமை, ஓரமாகப் போய் உட்கார்' என்று."

எனக்கு அது நினைவில்லை. அவளுக்கு இருபது ஆண்டுகளாக நினைவிருக்கிறது. அவளிடம் கோபம் இல்லை, குறை சொல்லும் எண்ணமும் இல்லை. தன் இரத்த வகையைச் சொல்வதுபோல, தன்னைப் பற்றிய ஓர் உண்மையைச் சொல்வதுபோலச் சொன்னாள். புனலூர் பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள். நான் அந்தச் சிமெண்ட் பெஞ்சில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். திருமலைப் படியில் எனக்குள் பேசியது யாருடைய குரல் என்று அப்போது அடையாளம் தெரிந்தது. மைதானத்தில் விசிலோடு நின்றுகொண்டு நான் பேசிய குரல். அதே சொற்கள், அதே ஏற்ற இறக்கம். அது அவளுக்குள்ளும் இருக்கிறது, எனக்குள்ளும் இருக்கிறது.

லெவ் வைகாட்ஸ்கி என்ற ரஷ்ய உளவியலாளர் 1934இல் இறந்துபோனார், அப்போது அவருக்கு முப்பத்தேழு வயதுதான். மனத்துக்குள் நாம் பேசிக்கொள்ளும் பேச்சு வெளியிலிருந்து உள்ளே போனது என்று அவர் விளக்கினார். சிறு குழந்தை விளையாடும்போது கவனித்துப் பாருங்கள். "இதை இங்கே வை, விழாமல் பிடி" என்று வாய்விட்டுத் தனக்குத் தானே கட்டளை போடும். அம்மா சொன்னதைத்தான் சொல்கிறது. வளர வளர அந்தப் பேச்சின் ஒலி அடங்கி உள்ளுக்குள் போய்விடுகிறது. தடிச்சி, சோம்பேறி, மூதேவி என்று வீட்டிலும் பள்ளியிலும் கல்யாண வீட்டுப் பந்தியிலும் கேட்டதெல்லாம் அந்த வழியாகத்தான் உள்ளே போகிறது. இரவல் வாங்கிய சொல்லை நம் சொந்தக் கருத்து என்று நம்பிக்கொண்டிருக்கிறோம்.

சரி, உள்ளே குடியேறிவிட்டதை என்ன செய்வது? அதட்டினால் அடங்காது. அதை நான் முயன்று பார்த்துவிட்டேன். ஆரோன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1960களில் ஒன்றைக் கவனித்தார். சோர்வில் விழுந்தவர்களுக்கு இப்படிப்பட்ட எண்ணங்கள் தாமாகவே பளிச்சென்று வந்து போகின்றன, அவர்களும் விசாரிக்காமல் அவற்றை நம்பிவிடுகிறார்கள். எண்ணத்தை ஒரு சாட்சியை விசாரிப்பதுபோல விசாரிக்க வேண்டும் என்பது அவர் உருவாக்கிய சிகிச்சையின் அடிப்படை. நான் ஒரு பழைய வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டேன். இடப்பக்கம் குரல் சொன்னது, வலப்பக்கம் நடந்தது. முதல் வரியாக, "பத்துப் படி ஏறுவதற்குள்" என்று இடப்பக்கம் எழுதினேன். வலப்பக்கம் எழுதுவதற்காகவே மறுபடி திருமலைக்குப் போனேன். முன்பு உட்கார்ந்த இடம் நினைவிருந்தது, படியில் ஒரு மூலை உடைந்திருக்கும். அடியிலிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே ஏறினேன். அறுபத்திரண்டு.

நேயர்களே, நான்கு மாதம் என்னை வீட்டுக்குள் வைத்திருந்த அந்தக் குரலுக்கு எண்ணத் தெரியவில்லை.

எழுதப் பழகிய பிறகு இன்னொன்றும் கண்ணில் பட்டது. இடப்பக்கத்து வரிகள் பெரும்பாலும் "முடியாது" என்று முடிந்தன. வலப்பக்கத்து வரிகள் "முடியவில்லை" என்று முடிந்தன. நம் மொழியில் இந்த இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் பாருங்கள்! "என்னால் ஏற முடியவில்லை" என்றால் அதற்கு ஒரு நாள் உண்டு, ஒரு காரணம் உண்டு. நேற்றுத் தூக்கமில்லை, வெயில் அதிகம், முழங்காலில் வீக்கம். "என்னால் ஏற முடியாது" என்றால் நாளும் இல்லை, காரணமும் இல்லை, நாளைக்கும் சேர்த்து இன்றே கதவைச் சாத்தியாயிற்று. வாயில் "முடியாது" வரும்போது "இன்று முடியவில்லை" என்று மாற்றிச் சொல்லிப் பாருங்கள். பொய்யாக எதையும் சொல்ல வேண்டியதில்லை. "நான் வலிமையானவள், நான் சிங்கம்" என்று கண்ணாடி முன் நின்று சொல்லச் சொல்கிறார்கள் சிலர். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. மனம் உடனே எதிர்வாதம் செய்யும். "இன்று முடியவில்லை" என்பதை மறுக்க அதனிடம் ஒன்றும் இருக்காது, அது உண்மை.

படியேறும் வழியில் ஆரியங்காவுப் பக்கத்திலிருந்து செவ்வாய்தோறும் வரும் ஒரு சேச்சியின் பழக்கம் கிடைத்தது. எனக்கு மூத்தவர். நான் பாதியில் திரும்பும் நாளெல்லாம் கையைப் பிடித்து, "சாரமில்ல டீச்சரே, இனியும் வராமல்லோ" என்பார். பரவாயில்லை, இன்னும் வரலாமே என்று பொருள். எங்கள் எல்லைப் பகுதியில் தமிழ் வீடுகளிலும் புழங்குகிற சொல் இந்தச் "சாரமில்ல". என் அம்மா எங்களுக்குக் காய்ச்சல் என்றால் இதைச் சொல்லித்தான் நெற்றியைத் தடவுவார். திட்டுகிற குரல் இரவல் என்றால், தேற்றுகிற குரலும் இரவல்தான். நான் எதை எடுத்து வைத்துக்கொள்வது என்பதில் எனக்கும் ஒரு சொல் உண்டு அல்லவா?

தேற்றினால் சோம்பல் வந்துவிடும், நாலு வார்த்தை திட்டினால்தான் உடம்பு வளையும் என்று நானே இருபத்தெட்டு ஆண்டுகள் நம்பினேன். தவறாக நம்பியிருக்கிறேன். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2012இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், கடினமான தேர்வில் சறுக்கிய மாணவர்களில் ஒரு பிரிவினரைத் தங்கள் மீதே பரிவு காட்டச் சொன்னார்கள். அடுத்த தேர்வுக்கு மற்றவர்களைவிடக் கூடுதல் நேரம் படித்தவர்கள் அவர்கள்தான். அடிபட்ட பிள்ளை அடி கொடுத்த இடத்துக்குத் திரும்பி வராது. மைதானத்தைவிட்டு ஓரமாகப் போய் உட்கார்ந்துகொள்ளும்.

நம்மை நாமே எப்படி அழைப்பது என்பதிலும் விஷயம் இருக்கிறது. ஈத்தன் கிராஸ் என்ற உளவியலாளரும் அவருடன் சேர்ந்தவர்களும் 2014இல் ஒன்றைக் காட்டினார்கள். பதற்றமான நேரத்தில் "நான்" என்று பேசிக்கொள்வதைவிட, தன் பெயரைச் சொல்லியோ "நீ" என்றோ பேசிக்கொண்டவர்கள் குறைவாகத் தடுமாறினார்கள். தமிழருக்கு இது புதிதில்லை. "நெஞ்சே" என்று உள்ளத்தை எதிரில் உட்கார வைத்துப் பேசுவது நம் பழைய வழக்கம். திருக்குறளில் நெஞ்சொடு கிளத்தல் என்று ஓர் அதிகாரமே உண்டு, நெஞ்சொடு புலத்தல் என்று இன்னொன்றும் உண்டு. என் உள்ளே பேசிய குரலும் "நீ" என்றுதான் பேசியது, அதனால் அந்தச் சொல் மட்டும் போதாது. தோழியிடம் சொல்லும் "நீ"யாக அது இருக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பெண் மூச்சிரைத்து உட்கார்ந்தால் "நீயெல்லாம்" என்றா சொல்வோம்? தண்ணீர் கொடுத்து, "கொஞ்சம் உட்காரு, மெதுவாகப் போகலாம்" என்போம். அதையே நெஞ்சுக்கும் சொல்லுங்கள்.

கார்த்திகை பிறந்தால் எங்கள் ஊர்ச் சாலையெல்லாம் ஐயப்ப பக்தர்கள். மற்ற நாளில் மாடிப்படிக்கே அலுத்துக்கொள்பவர்கள் வெறுங்காலோடு மலையேறி வருகிறார்கள். விரதமும் நம்பிக்கையும் பெரிய காரணம். உடன் வருபவர்களின் சரணக் குரலும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அந்த நேரத்தில் உள்ளே வேறு குரல் பேச இடமே இல்லை. 2014இல் வெளியான இன்னோர் ஆய்வில் 24 பேரை, ஓய்ந்து நிற்கும்வரை சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். அவர்களில் ஒரு பிரிவினர் இரண்டு வாரம், தங்களுக்குப் பிடித்த ஊக்கச் சொற்களைத் தேர்ந்து பழகிவிட்டு மறுபடி மிதித்தார்கள். முன்பைவிட 18 விழுக்காடு அதிக நேரம் தாக்குப்பிடித்தார்கள். கால் அதே கால்தான். நான் படிக்கு ஒரு "முருகா" சொல்கிறேன். உங்களுக்கு வாயில் எது எளிதாக வருமோ அது.

எண்ணிக்கையும் பலரை மிரட்டுகிறது. தினமும் பத்தாயிரம் அடி, அது முடியாவிட்டால் நடந்தே பயனில்லை என்று விட்டுவிடுகிறார்கள். அந்தப் பத்தாயிரம் 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது. வயதான அமெரிக்கப் பெண்கள் 16,741 பேரை வைத்து 2019இல் வெளியான ஆய்வில், நாளுக்கு ஏறக்குறைய 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு கணிசமாகக் குறைந்திருந்தது. 7,500 அடிக்கு மேல் பெரிய வேறுபாடு தெரியவில்லை. வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உழைப்பு என்று சொல்லும் உலக சுகாதார நிறுவனமும், எவ்வளவு குறைவாக இருந்தாலும் அசைவு நல்லதே என்று 2020 வழிகாட்டுதலில் சொல்கிறது.

நாள் தவறினால்? லண்டனில் 96 பேரைக் கவனித்த ஓர் ஆய்வில் ஒரு பழக்கம் படிய 18 நாளிலிருந்து 254 நாள் வரை ஆகலாம் என்று கணக்கிட்டார்கள், நடுவாக 66 நாள். இடையில் ஒரு நாள் விட்டதால் பழக்கம் கெட்டுவிடவில்லை. என் பதிவேட்டிலும் "வரவில்லை" என்று பல நாட்கள் இருக்கின்றன. பிள்ளைகள் ஒரு நாள் வராவிட்டால் பெயரை அடித்துவிட மாட்டோமே.

ஒரு எச்சரிக்கை. மனத்தின் குரல் வேறு, உடம்பின் குரல் வேறு. நெஞ்சில் அழுத்தம், தலைசுற்றல், ஓய்ந்தும் அடங்காத மூச்சிரைப்பு வந்தால் அதைச் சாக்கு என்று தள்ளாதீர்கள். நின்றுவிடுங்கள், உடனே மருத்துவரிடம் போங்கள். அதேபோல, இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டமில்லாமல், வாழ்ந்து என்ன பயன் என்று உள்ளே ஓடிக்கொண்டிருந்தால் பதிவேடு போதாது. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணைக் கட்டணமில்லாமல் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

அந்த மாணவியைத் தேடிப் புனலூருக்குப் போனேன். தையல் எந்திரத்தின் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டாள். "அன்று நான் சொன்னது தப்பு அம்மா. நீ ஆமை இல்லை, எனக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியவில்லை" என்றேன். ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே இருந்தாள், நூல் துளைக்குள் போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "சாரமில்லை டீச்சர்" என்றாள்.

இப்போது ஞாயிறுதோறும் அவள் செங்கோட்டைக்கு வருகிறாள். போன வாரம் இருவரும் மூன்று இடத்தில் உட்கார்ந்து மேலே போய்ச் சேர்ந்தோம். அவள்தான் படிகளை எண்ணினாள், நடுவில் ஓரிடத்தில் எண்ணிக்கை தவறிவிட்டது. வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்கு அடிவாரத்தில் மறுபடி எண்ணத் தொடங்குவோம். பக்கத்து ஊர்க்காரர்கள் யாரும் வருவதானால் வாருங்கள். மெதுவாகத்தான் ஏறுவோம்.

நன்றி, வணக்கம்.